சூடு வந்த பிறகுதான் தீனி

தம்பி,

நேற்றும் வேலை முடிந்து வீட்டுக்கு நடக்கும் வழியில் எனக்குத் தொலைபேசி எடுத்தாய். "அம்மா, சாப்பிட்டிட்டீங்களோ?" என்று கேட்டாய். "ஓம், சாப்பிட்டன்" என்றேன். "என்ன கறி?" என்றாய். "பருப்பும் கத்தரிக்காயும்" என்றேன். நேற்று நான் அடுப்பே பற்றவைக்கவில்லை. அப்பா போன பிறகு நமக்குள் நடக்கும் பேச்சு இவ்வளவுதான். நீ கேட்பாய், நான் பொய் சொல்வேன், பிறகு லியோனில் மழையா என்று நான் கேட்பேன், நீ மழை என்பாய். தொலைபேசியில் எனக்கு வேறு எதுவும் வாயில் வருவதில்லை என்பதால் எழுதுகிறேன். சனிக்கிழமைத் தமிழ் வகுப்பை விட்ட பிறகு இவ்வளவு தமிழை நீ ஒரேயடியாக வாசித்திருக்கமாட்டாய். மெதுவாக வாசி. இப்போதெல்லாம் எனக்கும் எதிலும் அவசரமில்லை.

நீ அனுப்பிய செய்தியைப் பார்த்தேன். அடுத்த சனிக்கிழமை சென் தெனியிலிருந்து ஒருவர் வந்து இரண்டு பல்லிகளையும் பெட்டிகளோடு எடுத்துப்போவார், உங்களுக்கு இனி அந்தக் கரைச்சல் வேண்டாம், அதற்குப் பிறகு நீங்கள் ஆறுதலாக இருந்து வேளைக்குச் சாப்பிட்டால் போதும் என்று எழுதியிருந்தாய். நல்லதை நினைத்துத்தான் எழுதினாய், தெரியும். ஆனால் அவரை வரவேண்டாம் என்று சொல்லிவிடு. பல்லியை நான் யாருக்கும் கொடுக்கப்போவதில்லை. இன்னொன்றையும் இப்போதே சொல்லிவிடுகிறேன். கொடுப்பதென்றாலும் கொடுக்க இரண்டு இல்லை. சின்னது செத்துவிட்டது. பெரியது சாகவில்லை, ஆனால் செத்துவிடும் என்றுதான் நான் சில நாள் நினைத்திருந்தேன்.

நீ அவற்றைக் கொண்டுவந்த நாள் உனக்கு ஞாபகம் இருக்கும். லிசேயில் படித்துக்கொண்டிருந்தாய். கோடை விடுமுறையில் வேலை செய்து சேர்த்ததையெல்லாம் கொண்டுபோய்க் கொடுத்துவிட்டு, அட்டைப்பெட்டி ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு வந்தாய். அப்பா அப்போதுதான் ரூ பெர்தொனே உணவகத்தில் வேலை முடித்து, சட்டையெல்லாம் பொரித்த வெங்காய மணத்தோடு கதிரையில் இருந்தார். "உதென்னடா?" என்றார். "கெக்கோ, அப்பா" என்றாய். எட்டிப் பார்த்தார். மஞ்சள் உடம்பில் கறுப்புப் புள்ளி. "உது பல்லியெல்லோ! ஊரிலை சுவருக்கு நாலு நிக்கும், கலைக்கக் கலைக்க வரும். காசு குடுத்துப் பல்லி வாங்கின முதல் யாழ்ப்பாணத்தான் நீதானடா!" என்றார். அதற்குப் பிறகு வீட்டுக்கு வந்த ஒருவரையும் இந்தக் கதை சொல்லாமல் அவர் அனுப்பியதில்லை. சுவரேறத் தெரியாத பல்லி, யாராவது ஒன்று சொன்னால் ஓமென்று ஒரு சத்தம் கொடுத்து அதை உண்மையாக்கத் தெரியாத பல்லி, இதெல்லாம் ஒரு பல்லியா என்று நக்கலடிப்பார். ஆனால் ஒருநாள் நான் குசினியில் நிற்க, "இஞ்சை ஓடியாரும், ஓடியாரும்! இது கண்ணை மூடுது!" என்று கத்தினார். நம் ஊர்ப் பல்லிக்கு இமை கிடையாது. இதற்கு இருந்தது. அன்றிலிருந்து நக்கல் குறைந்தது என்று நினைக்கிறேன்.

நீ வேலை கிடைத்து லியோனுக்குப் போனபோது பல்லிகளுக்கான வேலையை எல்லாம் சொல்லிக்கொடுத்துவிட்டுப் போனாய். நீ சொல்லிக்கொடுத்ததற்கு மேலேயே அப்பா செய்தார். இரண்டும் ஒன்றையொன்று கடிக்கும் என்று ஆளுக்கொரு கண்ணாடிப் பெட்டி. உன் அறையில் இருந்தவற்றைத் தூக்கிவந்து, தொலைக்காட்சி பார்க்கும்போது கண்ணில் படட்டும் என்று ஹோலின் மூலையில் வைத்தார். மணலைப் பரப்பினால் புழுவோடு சேர்த்து அதையும் விழுங்கிவிடும் என்று, குசினிக்குப் போட்டு மிஞ்சிய தரை ஓடுகளை அளந்து வெட்டிப் பதித்தார். என் மீன்சட்டிகள் இரண்டு கீறல் விட்டபோது எறிய விடவில்லை. அவற்றை இரண்டிரண்டாக உடைத்து, விளிம்பில் வாசல் மாதிரிக் கொத்தி, கவிழ்த்து வைத்தார். ஒவ்வொரு பெட்டியிலும் ஒரு பாதி சூடான பக்கம், மற்றப் பாதி குளிரான பக்கம். எங்கே படுப்பது என்று அது தானே முடிவெடுக்கட்டும் என்பார். பெட்டிக்கு அடியில் ஒரு மூலையில் சூடு தரும் பாய், இரண்டு பாயின் வயரும் சேர்ந்து சுவரில் மின்சாரம் வரும் ஒரே பிறீஸில் போகும். பின்னேரத்தில் பூச்சிகளை ஒரு பையில் போட்டு, கோழிக்கு நான் மிளகாய்த்தூள் பிரட்டுவது போலக் கல்சியம் தூளில் குலுக்கி, இடுக்கியால் ஒவ்வொன்றாக நீட்டுவார். அந்தப் பூச்சிகளுக்கும் பூசணித்தோலும் கரட்டும் போட்டு வளர்த்தார். "உதுகளுக்கும் சாப்பாடோ?" என்று கேட்டேன். "இது திண்டால்தானே அது திண்டதாகும்" என்றார்.

அப்பா போனதைப் பற்றி எழுத என்னிடம் அதிகம் இல்லை. செத்த வீட்டில் நீயும் நின்றாய். அப்போது குளிர் இன்னும் விடவில்லை. உணவகத்தில் சோறு வடித்துக்கொண்டு நின்றவர் அப்படியே சுவரில் சாய்ந்து இருந்துவிட்டார் என்றார்கள். எரிக்கும் இடத்தில் எல்லோரும் என்னைப் பார்த்துக்கொண்டு நின்றார்கள், எப்போது அழப்போகிறாள் என்று. எனக்கு முன்னால் நின்ற பெண்ணின் சட்டைக் கையில் தையல் பிரிந்திருந்தது. நான் அதைத்தான் பார்த்துக்கொண்டு நின்றேன். இரண்டு நிமிட வேலை, நான் வேலை செய்யும் தையல் கடைக்கு வந்தால் தைத்துக் கொடுக்கலாம் என்று நினைத்தேன். வேறு எதையும் நினைக்கவில்லை. பல் பிடுங்கப் போகும்போது ஊசி போட்டால் கன்னம் இருக்குமே, தொட்டால் கன்னம் என்று தெரியும், ஆனால் அது நம்முடையது போல இராது. அப்படித்தான் இருந்தது. இப்போதும் அப்படித்தான் இருக்கிறது.

நீ வேலைக்குத் திரும்பிப் போன பிறகு வீடு முழுக்கச் சனம். அந்தியேட்டி வரை, அதாவது முப்பத்தோராம் நாள் கிரியை வரை, அப்பாவின் படத்துக்கு விளக்கு அணையக்கூடாதென்று சித்தப்பா சொன்னார். எண்ணெய் விளக்கை எப்போதும் எரியவிட்டால் இந்தக் கட்டடத்தில் பயம், அதனால் மின்விளக்கு ஒன்று வாங்கிவந்தார். படத்துக்கு வசதியான இடம் ஹோலின் அந்த மூலைதான். அங்கே இருப்பது ஒரே ஒரு பிறீஸ். "அண்ணைக்கு வெளிச்சம் நிக்கக்கூடாது மச்சாள்" என்றபடி, அதில் இருந்ததைக் கழற்றிவிட்டு விளக்கைச் செருகினார். கழற்றியது என்ன என்று அவருக்குத் தெரியாது. எனக்குத் தெரியும், ஆனால் பார்த்துக்கொண்டிருந்தும் அது என் மண்டையில் ஏறவில்லை. பிறகு உன் மாமி, "செத்த வீட்டிலை உதுகளின்ரை முழியைப் பாத்துக்கொண்டு எப்பிடித் தேவாரம் படிக்கிறது?" என்று சொல்லி, பெட்டிகளின் மேல் வெள்ளை வேட்டியைப் போட்டு மூடினாள். சாம்பிராணிப் புகைக்கு ஜன்னல்கள் பகல் முழுக்கத் திறந்தபடி இருந்தன.

தீனியும் அப்படித்தான் நின்றது. அந்தியேட்டி முடியும்வரை வீட்டில் மீன், இறைச்சி, எந்த மச்சமும் இல்லை. குசினி மூலையில் பூச்சிப் பெட்டி கீச்சுக் கீச்சென்று கத்திக்கொண்டிருந்தது. "உந்தப் பூச்சியும் மச்சம்தானே?" என்று மாமி கேட்டாள். இதைக் கேட்டிருந்தால் அப்பா வயிறு குலுங்கச் சிரித்திருப்பார். வீட்டில் இருந்தவர்கள் யாரும் சிரிக்கவில்லை. கொஞ்சம் யோசித்துவிட்டு, ஓம், மச்சம்தான் என்று முடிவெடுத்து, பெட்டியைக் கீழே கொண்டுபோய்விட்டார்கள். இப்படியாக உன் பல்லிகளும் எங்களோடு சேர்ந்து செத்தவீட்டுத் துடக்குக் காத்தன. எனக்கோ ஆளாளுக்குச் சாப்பாடு கொண்டுவந்தார்கள். இடியப்பம், புட்டு, மரக்கறிச் சோறு. "ஒரு வாய் சாப்பிடுங்கோ அக்கா." வாயில் வைப்பேன். விழுங்கினால் நெஞ்சுக்குள் அப்படியே நிற்கும். நீயும் அங்கிருந்தபடி கடைகளில் சொல்லிப் பொதி பொதியாக அனுப்பினாய். குளிர்சாதனப்பெட்டியில் இப்போது கதவு பூட்ட இடமில்லை. கடையில் மற்றவர்களுக்குத் தைப்பதுபோக, என் சட்டைகளை நானே இரண்டு தடவை பிடித்துத் தைத்துவிட்டேன்.

அந்தியேட்டிக்கு நீ வந்து அன்றைக்கே திரும்பிய பிறகு, வாடகைக் கதிரைகளை எல்லாம் கொண்டுபோனதும், அந்த வேட்டியைத் துவைக்கலாமென்று எடுத்தேன். சின்னது குளிரான பக்கத்துச் சட்டிக்கு வெளியே கிடந்தது. தொட்டேன், விறைத்திருந்தது. பெரியது சட்டிக்குள் கிடந்தது. வால் ஒட்டிப்போய், கண் பாதி மூடி, தொட்டால் அசைவில்லை. ஆனால் வயிறு எப்போதாவது ஒருதரம் ஏறி இறங்கியது. சின்னதை ஜன்னலோரக் கற்பூரவள்ளிச் சட்டிக்குள் புதைத்தேன். அப்போதும் எனக்கு ஒன்றும் வரவில்லை. மாமி தொலைபேசியில், "அதுக்கும் அவரை நினைச்சுக் கவலை" என்றாள். கவலையென்றால் சாப்பிட வைக்க வேண்டும், எனக்குத் தெரிந்த ஒரே வைத்தியம் அது. கடையில் போய்ப் புழு வாங்கிவந்தேன். உனக்குத் தெரியும், நான் இறால் உரிக்கவே முகத்தைச் சுளிப்பவள். அந்தப் புழுவை இடுக்கியால் பிடித்து அதன் வாயில் வைத்துத் தேய்த்தேன். காலையில் ஒரு தடவை, வேலைக்குப் போய்வந்து ஒரு தடவை. "திண்டு தொலையன்" என்று கத்தினேன். வாயைத் திறக்கவில்லை.

கடைசியில் கம்பளிச் சால்வையில் சுற்றி, பிஸ்கட் தகரத்தில் வைத்து, மெத்ரோவில் ஒரு மிருக வைத்தியரிடம் கொண்டுபோனேன். இளம் பிள்ளை, உன் வயது இருக்கும். தகரத்தைத் திறந்து, அதைத் தன் உள்ளங்கையில் வைத்து, வயிற்றை விரலால் தடவிப் பார்த்தாள். பிறகு, "இல் ஆ ஃபிருவா, மதாம்" என்றாள். நோய் வருத்தம் ஒன்றுமில்லை, அதற்குக் குளிர்கிறது, அவ்வளவுதான். என்ன தீனி கொடுத்தீர்கள் என்று கேட்டாள். எனக்குத் தெரிந்த பிரெஞ்சில், தினமும் வாயில் வைத்தேன், தின்னவில்லை என்றேன். நல்லகாலம் தின்னவில்லை என்றாள். இதற்கு நம்மைப் போல உடம்புக்குள் சூடு கிடையாது, வெளியிலிருந்துதான் எடுக்க வேண்டும், சூடு இல்லாவிட்டால் வயிறு வேலை செய்யாது, அந்த நேரம் தின்னும் தீனி உள்ளேயே கிடந்து பழுதாகி அதைக் கொன்றுவிடும் என்று சொன்னாள். ஒன்றும் கொடுக்காதீர்கள். முதலில் சூடு. சூடு வந்தால் அதுவே தீனியைத் தேடி வெளியே வரும். எத்தனை நாளில் வரும் என்று கேட்டேன். தோளை உயர்த்தினாள். வெளியில் வந்து, அந்தத் தகரத்தை மடியில் வைத்துக்கொண்டு, வரிசையாகப் போன மெத்ரோக்களில் ஏறாமல் இருந்தேன். உன் பொதிகள் எல்லாம் கண்ணுக்குள் வந்து நின்றன.

வீட்டுக்கு வந்து முதல் வேலையாக விளக்கைக் கழற்றிவிட்டுப் பாயின் வயரைச் செருகினேன். அப்பாவின் படம் இருட்டாகியது. அந்தியேட்டிதான் முடிந்துவிட்டதே, குற்றமில்லை என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். முடியாவிட்டாலும் கழற்றித்தான் இருப்பேன். மறுநாள் சித்தப்பா வந்து பார்த்துவிட்டு, "என்ன மச்சாள், விளக்கை நிப்பாட்டிப்போட்டியள்?" என்றார். "பல்லிக்குக் குளிருது" என்றேன். என்னை ஒருமாதிரிப் பார்த்தார். அடுத்த முறை வரும்போது மூன்று வாய் உள்ள வயர் ஒன்று கொண்டுவந்து, இரண்டையும் தானே செருகிவிட்டுப் போனார்.

அந்த நாட்களில்தான் ஒன்று நினைவுக்கு வந்தது. நீ லிசே முடிக்கும் பாக் சோதனையில் முதல் தடவை தவறியபோது அறைக் கதவைச் சாத்திக்கொண்டு கிடந்தாய். நான் வாசலில் தட்டு வைப்பேன், ஆறிப்போகும், எடுத்துவிட்டு வேறு வைப்பேன். கதவில் தட்டித் தட்டி "சாப்பிடன் ராசா" என்பேன். நீ உள்ளேயிருந்து பிரெஞ்சில் ஏதோ கத்துவாய். அப்பா வேலையால் வந்தார், தட்டைத் தாண்டி உள்ளே போனார். வெகுநேரம் சத்தமில்லை. கதவு நீக்கலால் பார்த்தேன். இரண்டு பேரும் தரையில் இருந்து, பேசாமல், பல்லிப் பெட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தீர்கள். பிறகு நீதான் வெளியே வந்து, "பசிக்குது அம்மா" என்றாய். "அவனோடை என்ன கதைச்சனீங்கள்?" என்று அப்பாவிடம் கேட்டேன். "ஒண்டும் கதைக்கேல்லை." "அப்ப உள்ளுக்கை என்ன செய்தனீங்கள்?" "இருந்தனான்" என்றார். ஏதோ மறைக்கிறார் என்று அப்போது எனக்குக் கோபம் வந்தது. அவர் ஒன்றையும் மறைக்கவில்லை.

தம்பி, நாளைக்கு உனக்கும் ஒரு குடும்பம் வரும். உன் வீட்டில் ஒருவர் பேச்சில்லாமல் ஒரு மூலையில் கிடக்கும் நாளும் வரும். உன் கை உடனே சாப்பாட்டுத் தட்டைத் தேடும். நீ என் பிள்ளை, வேறு எதைத் தேடும்? சாப்பிட்டாயா என்று கேட்பதில் பிழையில்லை. நம் ஆட்களுக்கு அன்பைச் சொல்ல வேறு வார்த்தை பழக்கமில்லை. ஆனால் கேட்டுவிட்டு, ஓம் என்றதும் தொலைபேசியை வைத்துவிடாதே. தட்டை நீட்டிவிட்டுப் போய்விடாதே. பக்கத்தில் இரு. உனக்கு அலுப்பு வரும், அங்கே ஒன்றும் நடக்காதது போலத் தெரியும், ஏதாவது செய்ய வேண்டுமென்று கை துடிக்கும். அப்போதும் எழும்பாதே. இது என் புத்தியில்லை, அப்பாவினுடையது. நான் இவ்வளவு காலமும் அவரோடு இருந்தும் ஒரு பல்லிதான் எனக்கு இதைச் சொல்லித்தர வேண்டியிருந்தது.

நேற்று உன்னோடு பேசி வைத்த பிறகு பார்த்தேன், பெரியது சட்டி வாசலில் தலையை வெளியே நீட்டிக்கொண்டு நின்றது. நான் வாங்கிவைத்த ஒரு பூச்சியைத் தூளில் குலுக்கி எடுத்துக்கொண்டு, அப்பா வழக்கமாக இருக்கும் இடத்தில் தரையில் இருந்தேன். நீட்டினேன். அது தலையைச் சரித்துப் பார்த்தது. வால் நுனி ஆடியது. பிறகு ஒரே எட்டில் பிடித்து, மென்று விழுங்கி, கண்ணை மூடித் திறந்தது. யாரையாவது கூப்பிட்டுக் காட்ட வேண்டும் போல இருந்தது. "இஞ்சை ஓடியாருங்கோ" என்று சொல்லியும்விட்டேன். வீட்டில் யாரும் இல்லை. இனி அழுகை வரும் என்று காத்திருந்தேன். வரவில்லை. கால் மரத்துப்போகும்வரை அப்படியே இருந்தேன்.

அதனால் சனிக்கிழமை அந்த மனிதரை அனுப்பாதே, நீ வா. கையில் ஒன்றும் கொண்டுவராதே, வைக்க இடமில்லை. வந்து என் பக்கத்தில் தரையில் இரு. அப்பாவைப் பற்றிக் கதைக்கத் தேவையில்லை, கதைத்தாலும் சரி. எப்போது எழும்பி அடுப்பைப் பற்றவைப்பேன் என்று என்னிடம் கேட்காதே, எனக்குத் தெரியாது. இந்தக் கடிதம் கிடைக்கும் அன்றைக்கும் வேலை முடிந்து நடக்கும் வழியில் தொலைபேசி எடுப்பாய். வழக்கம்போலக் கேட்பாய். இனி நான் பொய் சொல்லமாட்டேன்.

பல்லி சாப்பிட்டுவிட்டது, தம்பி. நான் இன்னும் இல்லை.

அம்மா